வால் இழந்த திருமால்

சென்ற ஆவணியில் என் சித்தப்பாவின் தலைத் திவசத்துக்காக மாயவரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். காரியங்கள் குறைவின்றி நிறைவேறின. உறவினர்கள் விடைபெற்றுச் சென்றனர். மறுநாள் காலை திண்ணையில் அமர்ந்திருந்தபோது, சித்தி உள்ளேயிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சித்திக்கு வயது 79.

"இதைப் பார். எழுத்து உன் சித்தப்பாவுடையதுதான். ஆனால் அவர் இப்படி எழுதியிருப்பாரா என்று நினைக்கவே மனம் ஒப்பவில்லை" என்றார்.

அவர் சுட்டிக்காட்டிய வரி இது:

வால் இழந்த திருமால் திரும்பினால் வாலுடையவன் (3).

"திருமாலுக்கு ஏது வால்? நித்தியம் விளக்கேற்றிப் பெருமாளைக் கும்பிட்ட மனிதர் எழுதுகிற வார்த்தையா இது?" என்று கேட்டபோது சித்தியின் குரல் தழுதழுத்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சித்தியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அது பெருமாளைப் பற்றிய பழிச்சொல் அன்று. அது ஒரு குறுக்கெழுத்துப் புதிரின் குறிப்பு. சித்தப்பா தபால் அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவர். அதன் பிறகு, மார்கழி மாதம் முழுவதும் தெருக்கோடிப் பிள்ளையார் கோவிலின் கரும்பலகையில் நாள்தோறும் ஒரு குறிப்பை எழுதி வைப்பார். விடிகாலை பஜனைக்கு வரும் பிள்ளைகள் விடையைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முதலில் சொல்லும் பிள்ளைக்கு ஒரு பேனா. பொங்கல் பிரசாதத்துக்காக வந்தவர்கள் போக, இந்தப் பலகைக்காகவே போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்த பிள்ளைகளும் உண்டு.

அவர் மறைந்த ஆண்டில் வீட்டில் பண்டிகை இல்லை. மார்கழியில் பலகையும் வெறுமையாகவே இருந்தது. அடுத்த மார்கழிக்கென்று அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த குறிப்புகள் அந்த நோட்டில் இருந்தன. விடைகளை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை. அவை அவருடைய மனத்தோடு போய்விட்டன.

"அவர் இருந்தபோது எனக்கு இதில் நாட்டமே இல்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, 'குழந்தை விளையாட்டு' என்று சொல்லிவிடுவேன். இப்போது கேட்க வேண்டும்போல் இருக்கிறது. கேட்கத்தான் அவர் இல்லை" என்றார் சித்தி.

அன்று பிற்பகல் முழுவதும் நாங்கள் இருவரும் அந்த நோட்டோடு அமர்ந்திருந்தோம். சித்திக்கு நான் சொன்னவற்றையும், சித்தியிடமிருந்து நான் கற்றவற்றையும் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குறுக்கெழுத்துப் புதிர் நம் நாட்டில் பிறந்ததன்று. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்தர் வின் என்ற பத்திரிகையாளர், 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' இதழில் சாய்சதுர வடிவில் முதல் புதிரை வெளியிட்டார். அவர் அதற்கு இட்ட பெயர் 'வேர்ட் கிராஸ்'. சில வாரங்களிலேயே அப்பெயரின் இரு சொற்களும் இடம்மாறிக் 'கிராஸ்வேர்ட்' என்று ஆயின. சொற்களை இடம்மாற்றி விளையாடும் புதிருக்கு அதன் பெயரே முதல் உதாரணமாக அமைந்துவிட்டது.

அமெரிக்கப் புதிர்களில் குறிப்பு நேராகப் பொருளைக் கேட்கும். ஒன்றைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் சூழ்ச்சிக் குறிப்புகள் 1920களில் இங்கிலாந்தில் வளர்ந்தன. அங்கே அவற்றைப் பரப்பியவர்களுள் ஒருவரான எட்வர்டு போவிஸ் மேதர்ஸ் 'டார்க்குமாடா' என்ற புனைபெயரில் புதிர்களை அமைத்தார். ஸ்பெயின் நாட்டில் மக்களை வதைத்து விசாரணை நடத்திய பாதிரியாரின் பெயர் அது. விடை தேடுவோர் படும் பாட்டை அவர் நன்றாக அறிந்திருந்தார் போலும்! அந்த முறையே பிறகு தமிழுக்கும் வந்தது. நம்மவர்கள் அதைத் தமிழ் எழுத்துக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள்.

இத்தகைய குறிப்புக்கு ஒரு தர்மம் உண்டு. அது நம் கண்ணை வேறு பக்கம் திருப்பலாம். ஆனால் பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று, விடையின் பொருளைச் சொல்லும். மற்றொன்று, விடையின் எழுத்துகளை அடையும் வழியைச் சொல்லும். பொருள் சொல்லும் பகுதி பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும். அடைப்புக்குள் உள்ள எண், விடையில் எத்தனை எழுத்து என்பதைக் காட்டும். தமிழில் உயிர்மெய்யும் ஒரே கட்டம். புள்ளி வைத்த மெய்யும் ஒரே கட்டம். 'கோவில்' என்பது கோ, வி, ல் என மூன்று கட்டங்கள்.

முதலில் எளிய குறிப்பு ஒன்றைச் சித்தியிடம் படித்துக் காட்டினேன்.

கோவில் கோடியில் ஓர் ஆயுதம் (2).

"வேல்!" என்றார் சித்தி, சற்றும் யோசிக்காமல்.

"வேல் இரண்டு எழுத்துதான். ஆனால் கோவில் கோடியில் வேல் ஏன் வந்தது?"

"முருகன் சந்நிதி கோடியில்தானே இருக்கிறது?"

"நம் ஊர்க் கோவிலில் இருக்கிறது. இவர் கேட்பது செங்கல்லால் கட்டிய கோவிலை அன்று, சித்தி. 'கோவில்' என்ற சொல்லை."

சித்தி அச்சொல்லை வாய்க்குள் இருமுறை சொல்லிப் பார்த்தார். "கோ...வில். அட, வில்!" என்றார்.

சூழ்ச்சிக் குறிப்புகளின் முதல் பாடம் இதுதான். வாக்கியம் மனத்தில் எழுப்பும் காட்சியைச் சற்று விலக்கி வைத்துவிட்டு எழுத்துகளைப் பார்க்க வேண்டும். கோவில் என்றதும் கோபுரமும் கொடிமரமும் நம் கண்முன் வந்துவிடுகின்றன. அந்தக் காட்சி அழகானதுதான். ஆனால் விடை அதற்குப் பின்னால் மறைந்து நிற்கிறது.

இரண்டாவது வகை, ஒரு சொல்லின் இரு பொருளை வைத்து அமைவது.

ஆண்டாள் சூடித் தந்த பொழுது (2).

மார்கழி, விடியல், வைகறை என்று சித்தி பலவற்றைச் சொன்னார். எதுவும் இரண்டு எழுத்தில் அடங்கவில்லை. "ஆண்டாள் சூடித் தந்தது எது?" என்று கேட்டேன். "மாலை" என்று சொன்ன மறுகணமே நெற்றியில் தட்டிக்கொண்டார். சூடித் தந்ததும் மாலை, பொழுதும் மாலை.

இது நமக்குப் புதியதன்று. திருவானைக்காவோடு தொடர்புடைய காளமேகப் புலவர், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருங்கே பொருந்துமாறு சிலேடை பாடியவர். ஒரு சொல்லை இரு பக்கமும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் தமிழர்க்குக் குறுக்கெழுத்துக்கு முன்பே இருந்தது.

மூன்றாவது வகை, எழுத்துகளைக் கலைத்து அடுக்குவது.

சகலம் இடம்மாறிக் கோபுர உச்சியில் (4).

கோபுர உச்சியில் இருப்பது கலசம். 'சகலம்' என்ற சொல்லின் நான்கு எழுத்துகளையும் இடம்மாற்றினால் 'கலசம்'. சித்திக்கு இதில் அளவற்ற மகிழ்ச்சி. "சகலமும் அந்தக் கலசத்துக்குள்தான் இருக்கிறது என்று கும்பாபிஷேகத்தன்று அவர் சொல்வார். அதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்" என்றார்.

வழி சொல்லும் பகுதியைக் கண்டுகொள்ளச் சில அடையாளச் சொற்கள் உண்டு. அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தலை, மகுடம், முதல் என்று வந்தால் சொல்லின் முதலெழுத்தைப் பாருங்கள். வால், பாதம், அடி, கோடி என்று வந்தால் கடைசிப் பகுதியைப் பாருங்கள். இடை, வயிறு, நெஞ்சு என்பவை நடுவெழுத்தைக் குறிக்கக் கூடும். திரும்பி, தலைகீழாக என்றால் கடைசி எழுத்திலிருந்து முதலுக்குப் படிக்க வேண்டும். கலைந்து, குழம்பி, சிதறி, இடம்மாறி என்பவை எழுத்துகளை மாற்றி அடுக்கச் சொல்கின்றன. ஒளிந்து, மறைந்து, உள்ளே என்றால் விடை அந்தச் சொற்களுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. சேர்ந்து, கூடி என்றால் இரு சிறு சொற்களை இணைக்க வேண்டும்.

தமிழின் இலக்கணமும் நமக்குத் துணை நிற்கும். புள்ளி வைத்த மெய் எந்தச் சொல்லுக்கும் முதலில் வாராது. ட, ண, ற, ன, ழ, ள வரிசை எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் நில்லா. க், ச், ட், த், ப், ற் ஆகிய வல்லின மெய்கள் தமிழ்ச் சொல்லின் முடிவில் நில்லா. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் வரக்கூடியவை 26 எழுத்துகள், நமக்கோ 247. இது சுமைபோலத் தோன்றும். உண்மையில் இதுவே வசதி. ஒரு கட்டத்தில் 'தி' என்று தெரிந்துவிட்டால் உயிரும் மெய்யும் சேர்ந்தே தெரிந்துவிடுகின்றன. அந்த ஓர் எழுத்தைக் கொண்டே விடையை ஊகித்துவிடலாம்.

அந்த உண்மையை விளக்கத்தான் சித்தியின் மனத்தைப் புண்படுத்திய குறிப்புக்கு வந்தேன். நோட்டில் அது தனியாக இல்லை. சித்தப்பா ஒரு சிறு கட்டம் வரைந்து, அதில் இரு சொற்களைக் கோத்திருந்தார். மேலிருந்து கீழாக வருவது வால் இழந்த திருமால். இடமிருந்து வலமாக வருவது இது:

அரசனும் அறிவும் சேர்ந்த சங்கரன்கோவில் அம்பிகை (3).

"இது தெரியாதா? ஆடித் தபசுக்கு இருமுறை போயிருக்கிறோமே! கோமதி அம்மன்" என்றார் சித்தி. கோ என்றால் அரசன். மதி என்றால் அறிவு. எழுதினோம். கோமதியின் கடைசி எழுத்தும், கீழிறங்கும் சொல்லின் கடைசி எழுத்தும் ஒரே கட்டத்தில் சந்தித்தன. அங்கே 'தி' விழுந்தது.

"இப்போது திருமாலை மறந்துவிடுங்கள். வாலுடையவன். மூன்று எழுத்து. கடைசி எழுத்து தி."

சித்தி கண்களை மூடிக்கொண்டார். "மாருதி" என்றார் மெல்ல. உடனே கண்களைத் திறந்து, "அது சரி, திருமால் எப்படி மாருதி ஆனார்?" என்று கேட்டார்.

"திருமால் என்று எழுதுங்கள். அந்தச் சொல்லுக்கு வால் எது?"

"கடைசி எழுத்து. ல்."

"அதை எடுத்துவிட்டுத் திருப்பிப் படியுங்கள்."

தி, ரு, மா. மா, ரு, தி. சித்தி விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படித்தார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. "பெருமாளைத் திருப்பிப் படித்தால் அவருடைய அடியார் வருகிறார். நான்தான் அவரைத் தவறாக நினைத்துவிட்டேன்" என்றார். 'அவரை' என்று சொன்னது பெருமாளையா, சித்தப்பாவையா என்று நான் கேட்கவில்லை.

குறிப்பு சித்தியை ஏமாற்றவில்லை. வால் இழந்தது 'திருமால்' என்ற சொல்லே என்று அது தன் வழியில் தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. முதலில் தோன்றிய பொருளைப் பற்றிக்கொண்ட அவசரம்தான் ஏமாற்றியது. வீட்டிலும் இப்படித்தான். மருமகள் சொன்ன ஒரு வார்த்தை, மகன் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை ஆகியவற்றுக்கு முதலில் தோன்றிய பொருளையே கொண்டு மாதக்கணக்கில் மனம் புழுங்குகிறோம். வேறு விதமாகவும் படிக்க முடியுமா என்று ஒருமுறை பார்த்தால் நல்லது.

ஆயினும் சித்திக்கு இன்னும் ஓர் ஐயம் இருந்தது. "சுவாமி நாமத்தை வெட்டியும் திருப்பியும் விளையாடுவது அபசாரம் இல்லையா?" என்று கேட்டார்.

பலருக்கும் இந்த ஐயம் எழக்கூடும். ராம நாமத்தைச் சொல்ல வாராத வேடனுக்கு 'மரா' என்று சொல்லக் கற்பித்தார்கள் என்றும், அதையே இடைவிடாது சொல்ல அது ராம நாமமாகி அவர் வான்மீகி முனிவரானார் என்றும் பெரியோர் கூறும் வரலாற்றை நாம் அறிவோம். எழுத்து திரும்பியதால் நாமத்தின் பெருமை குறையவில்லை. திரும்பிய எழுத்தே அவரைக் கரை சேர்த்தது.

சித்தியின் ஊருக்கு அருகிலுள்ள சீகாழியையே எடுத்துக்கொள்வோம். அவ்வூர்க்குப் பன்னிரு திருப்பெயர்கள். அங்கே அவதரித்த திருஞானசம்பந்தர், அவ்வூர்ப் பெருமான்மீது 'மாலைமாற்று' என்னும் பதிகத்தைப் பாடினார். மூன்றாம் திருமுறையில் உள்ள அப்பதிகத்தின் பாடல்களை முதலிலிருந்து படித்தாலும் முடிவிலிருந்து எழுத்தெழுத்தாகத் திரும்பிப் படித்தாலும் ஒன்றாகவே இருக்கும். எண்களை ஏற்றியும் இறக்கியும் தேர் வடிவில் அடுக்கும் 'திருவெழுகூற்றிருக்கை'யையும் அவர் பாடினார். குடந்தை ஆராவமுதப் பெருமாள்மீது திருமங்கையாழ்வாரும் அவ்வகையில் பாடினார். எழுத்தை மாலையாகக் கட்டுவதும் தேராகக் கட்டுவதும் அவர்களுக்கு வழிபாடாகவே இருந்தன. நம் விளையாட்டை அவர்கள் பாடல்களோடு ஒப்பிட நான் துணியவில்லை. ஆனால் எழுத்தோடு விளையாடுவது அபசாரம் என்று சொல்லவும் இடமில்லை.

இது வீண்வேலை என்று வீட்டு இளைஞர்கள் நகைத்தால் அவர்களுக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. 1942ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டனில் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழ் ஒரு போட்டி நடத்தியது. குறுக்கெழுத்துப் புதிரைப் 12 நிமிடங்களுக்குள் முடிக்க வேண்டும். அதில் பங்குகொண்டோருள் சிலர், பகைவரின் இரகசியச் செய்திகளைப் படித்தறிந்த பிளெட்ச்லி பார்க் நிலையத்தின் போர்க்காலப் பணிக்குப் பின்னர் அழைக்கப்பட்டனர்.

மாலை விளக்கேற்றும் நேரம் வந்தது. சித்தி விளக்கேற்றினார், கைகூப்பினார், ஆனால் பாடவில்லை. நான் சிறுவனாக இருந்த நாள்முதல் அந்த நேரத்தில் சித்தி அபிராமி அந்தாதி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏன் பாடவில்லை என்று கேட்டேன்.

"நிறுத்திவிட்டேன். ஆறு மாதமாயிற்று" என்றார். ஒருநாள் பாதியில் ஒரு பாடலின் தொடக்கம் நினைவுக்கு வரவில்லையாம். மறுநாளும் அதே இடத்தில் நின்றுவிட்டதாம். "புத்தகத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் 60 வருஷமாகப் பாராமல் சொன்னவள் நான். மறுபடியும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. இன்று ஒரு பாட்டு மறந்தது. நாளை அம்பாளையே மறந்துவிட்டால்?"

நோட்டைக் கொண்டுவந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. விடை காண முடியாத ஒவ்வொரு குறிப்பும் சித்திக்குத் தம் நினைவு தேய்வதன் சாட்சியாகத் தோன்றியிருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குறுக்கெழுத்துப் புதிர் மறதி நோய்க்கு மருந்தன்று. பழகிய வழி தெரியாமல் திகைப்பது, அடுப்பை அணைக்க அடிக்கடி மறப்பது, நெருங்கியவர் பெயரே நினைவுக்கு வாராதது போன்றவை இருந்தால் கூச்சப்படாமல் மருத்துவரைக் காண வேண்டும். சித்தியையும் அவ்வாறே அழைத்துச் சென்றோம். பரிசோதித்த மருத்துவர், கவலை கொள்ளும்படியாக ஒன்றும் இல்லை என்றும், தூக்கக் குறைவையும் துயரையும் கவனிக்க வேண்டும் என்றும் கூறினார்.

ஆனால் புதிரிலிருந்து கற்ற ஒன்று சித்திக்கு உதவியது. தெரியாத குறிப்பின் முன்னால் நின்று மனத்தைக் கசக்கினால் விடை வாராது. அதை விட்டுவிட்டு அதைக் குறுக்கிடும் சொல்லுக்குப் போக வேண்டும். கோமதி தந்த 'தி' மாருதியைக் காட்டியதுபோல, தெரிந்தது தெரியாததை அழைத்து வரும். அந்தாதியும் அப்படித்தானே அமைந்திருக்கிறது? ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கம். நூறாவது பாடலின் முடிவும் முதற்பாடலின் தொடக்கத்தோடு சேர்ந்து மாலையாகிறது. அபிராமி பட்டர் கோத்த அந்த மாலையில், தொடக்கம் மறந்தால் முந்தைய பாடலின் முடிவில் அது காத்திருக்கும். "நின்ற இடத்தில் தேடாதீர்கள், சித்தி. ஒரு பாட்டு பின்னால் போய் அங்கிருந்து மறுபடி வாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் மடியில் புத்தகம் இருக்கட்டும். அம்பாள் பரீட்சை வைக்கவில்லை" என்றேன்.

சித்தி பதில் சொல்லவில்லை.

நான் புறப்படும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு எஞ்சியிருந்தது. எனக்கு விடை தோன்றியது. ஆனால் சொல்லவில்லை.

தலை போயும் தலைவரானவர் (5).

பத்து நாள் கழித்து, விடிகாலை ஐந்தரை மணிக்குச் சித்தி தொலைபேசியில் அழைத்தார். அந்நேரத்து அழைப்பு என்றால் நெஞ்சு பதறத்தானே செய்யும்? ஆனால் சித்தியின் குரலில் உற்சாகம் இருந்தது.

முதலில் தக்கன் என்று நினைத்தாராம். ஆனால் அதில் நான்கு எழுத்துதான். அன்றியும் 'ஆனவர்' என்று மரியாதையாகச் சொல்லியிருப்பதால் விடை 'ர்' என்று முடிய வேண்டும் என்று ஊகித்தாராம். அதன் பிறகு ஒன்றும் தோன்றவில்லை. விட்டுவிட்டார். அன்று காலை பால் கணக்கு எழுத அமர்ந்து, தாளின் மேல் வழக்கம்போல் பிள்ளையார் சுழி போட்டாராம். போட்ட கை அப்படியே நின்றுவிட்டதாம்.

"விநாயகர்! தலையெழுத்து 'வி' போனால் நாயகர். நாயகர் என்றால் தலைவர். சுவாமிக்கும் தலை போய் ஆனைத்தலை வந்தது. அப்புறம்தானே கணங்களுக்கெல்லாம் தலைவரானார்! நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே சுழி போட்டிருக்கிறார். விடையைக் கண்ணுக்கு நேராகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் பார்க்கவில்லை."

அந்தக் குறிப்பில் வழியும் பொருளும் தனித்தனியாக இல்லை. முழு வாக்கியமே வழி. முழு வாக்கியமே பொருள். புதிர் அமைப்போர் வாழ்நாளில் எப்போதோ சிலமுறை எட்டும் உயரம் அது. சித்தப்பா அதைக் கரும்பலகைக்காக எழுதி வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார்.

சித்தி அந்தப் பக்கத்தில், அவருடைய எழுத்தின் கீழே தம் கையால் விடையை எழுதிவிட்டாராம். "இந்த மார்கழிக்குப் பலகையில் நானே எழுதப் போகிறேன். முதல் நாளுக்கு இதுதான்" என்றார். தொலைபேசியை வைக்கும் முன், தாமாகவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: "நேற்று அந்தாதி சொன்னேன். இரண்டு இடத்தில் நின்றது. பின்னால் போய் வந்தேன். ஓரிடத்தில் வந்துவிட்டது. மற்றோரிடத்தில் புத்தகம் பார்த்தேன். போகட்டும்."

அந்தப் 'போகட்டும்' என்ற சொல்லை விடப் பெரிய விடை எனக்கு அன்று வேண்டியிருக்கவில்லை.

அன்பர்களே, உங்களுக்கும் மூன்று குறிப்புகள். பேரப்பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு முயலுங்கள். அவர்களுக்குப் புராணம் தெரியாத இடத்தில் நீங்கள் சொல்லுங்கள்; உங்களுக்கு எழுத்து பிடிபடாத இடத்தில் அவர்கள் சொல்லட்டும்.

1. தலை இழந்ததும் தேராகும் இதிகாசம் (4).

2. சிவா, திரும்பிப் படி! (2).

3. காவிரியும் கந்தன் முகமும் (2).

உடனே விடை தோன்றாவிட்டால் இதழை மூடி வைத்துவிட்டுச் சந்நிதிக்குப் போய் வாருங்கள். பிரகாரத்தை வலம் வரும்போது விடை தானே வரக்கூடும். வாராவிட்டாலும் பிரகாரம் வலம் வந்த பலன் எங்கும் போகாது. எல்லோருக்கும் அம்பிகையின் அருள் பெருகுக.

விடைகள்: 1. பாரதம் (முதலெழுத்து போனால் ரதம்). 2. வாசி ('சிவா' திரும்பினால் வாசி, வாசி என்றாலும் படி என்றாலும் ஒன்றே). 3. ஆறு (காவிரி ஓர் ஆறு, கந்தனுக்கு முகம் ஆறு).